சுமாரான கேட்சர்களே ஏன் மேனேஜர் ஆகிறார்கள்? டாக் எட்வர்ட்ஸை வைத்து ஒரு பதில்

அண்மையில் பேஸ்பால் பார்க்கத் தொடங்கிய ஒரு நண்பரின் கேள்வி இது. பெரிய மட்டையாளர்கள், பெரிய பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) எல்லாம் இருக்கும்போது, அணியை நடத்தும் மேனேஜர் வேலைக்கு மட்டும் பேர் தெரியாத பழைய கேட்சர்களை (மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர்கள்) பிடித்து வைக்கிறார்களே, ஏன்? அதிலும் சிலர் மைனர் லீக் என்ற கீழ்நிலையில் இருபது முப்பது வருடம் அதே வேலையில் கிடக்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்?

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது, ஒரு ஆளை வைத்தே சொல்கிறேன். ஹோவர்ட் ராட்னி எட்வர்ட்ஸ், 1936இல் மேற்கு வர்ஜீனியாவில் ரெட் ஜாக்கெட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்ததால் 'டாக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, கடைசி வரை அதுதான் பெயர். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் மொத்தம் 317 ஆட்டம், பேட்டிங் சராசரி .238. அதாவது நூறு தடவை அடிக்கப் போனால் 24 ஹிட் கூட, அதாவது ஓடி ஒரு பேஸையாவது (ஓடுபவர் நின்றுகொள்ளும் இடம்) எட்டிவிடும் அடி கூட, தேறாது. வேறு இடத்தில் ஆடுபவர் இந்தக் கணக்கோடு ஒரு வருடம் தாங்குவதே கஷ்டம். கேட்சர் என்பதால்தான் இத்தனை ஆட்டமாவது கிடைத்தது.

கேட்சர் என்றதும் நமக்கு விக்கெட் கீப்பர் ஞாபகம் வரும். பாதிதான் சரி. கிரிக்கெட்டில் என்ன பந்து போடுவது என்பது பவுலர் முடிவு, கீப்பர் அதைப் பிடிப்பார், நடுவில் ஏதாவது யோசனை சொல்வார். பேஸ்பாலில் கேட்சர்தான் ஒவ்வொரு பந்தையும் கேட்டு வாங்குகிறார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொடைக்கு நடுவே விரலைக் காட்டி, இது வேகப்பந்து, இது வளைபந்து, உள்ளே போடு, வெளியே போடு என்று சைகை செய்வார். (2022இலிருந்து பொத்தானை அமுக்கினால் பிட்சர் தொப்பியில் குரல் கேட்கும் கருவி வந்துவிட்டது. விரல் சைகை கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது.) பிட்சருக்குப் பிடிக்கவில்லையென்றால் தலையாட்டி மறுக்கலாம்தான், ஆனால் பெரும்பாலும் கேட்சர் சொன்னதே நடக்கும். மற்ற எட்டு பேரும் மட்டையாளரைப் பார்த்து நிற்க, இவர் ஒருவர் மட்டும் அந்த எட்டு பேரையும் பார்த்து உட்கார்ந்திருப்பார். மைதானம் முழுசாகக் கண்ணில் படுகிற ஒரே இடம் அதுதான்.

இரண்டாம் நிலை கேட்சர் என்றால் இன்னும் வேடிக்கை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ ஆட்டம்தான் கிடைக்கும். மீதி நாளெல்லாம் புல்பென்னில், அதாவது ஓரமாகப் பிட்சர்கள் கை சூடேற்றும் இடத்தில், பந்து பிடித்துக்கொண்டே அவர்கள் புலம்பலைக் கேட்க வேண்டும். யாருக்குத் தோள் வலி, யாருக்கு வீட்டில் சண்டை, யார் அடி வாங்கினால் சுருண்டுவிடுவார், யாரைத் திட்டினால் சரியாகப் போடுவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. நட்சத்திர வீரருக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவர் அடித்தால் போதும்.

டாக் எட்வர்ட்ஸ் 1962இல் கிளீவ்லாண்டில் ஆரம்பித்தார். 1963 மே மாதம் அவரையும் கூடவே ஒரு லட்சம் டாலரையும் கன்சாஸ் சிட்டிக்குக் கொடுத்து, பதிலுக்கு ஹோசே அஸ்க்யூ என்ற கேட்சரையும் டிக் ஹவுசர் என்ற இன்னொரு வீரரையும் கிளீவ்லாண்டு வாங்கிக்கொண்டது. ஆளையும் கொடுத்து மேலே ரொக்கமும் கொடுத்தார்கள் என்றால், அவரை என்ன விலைக்கு மதித்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1965இல் நியூயார்க் யாங்கீஸின் கேட்சர் எல்ஸ்டன் ஹோவர்டுக்கு முழங்கையில் காயம். அவசரத்துக்கு ஒரு கேட்சர் வேண்டும் என்று எட்வர்ட்ஸை வாங்கினார்கள். அந்தப் பண்டமாற்றில் யாங்கீஸை விட்டுப் போன ஜானி பிளாஞ்சர்ட் அழுதே விட்டார் என்பார்கள். வந்தவர் அங்கே .190 அடித்தார். அந்த வருடத்தோடு மேஜர் லீக் கதவு சாத்தியாயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அப்புறம் 1970. எட்வர்ட்ஸ் ஃபிலடெல்பியாவில் புல்பென் கோச். ஆட்டக்காரரே இல்லை, பயிற்சியாளர். மே 2ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஆட்டம். எதிரணியின் வில்லி மேஸ் அடித்த பந்து மட்டையில் உரசித் திரும்பி, கேட்சர் டிம் மெக்கார்வரின் கையை உடைத்தது. பதிலுக்கு மைக் ரயன் வந்து உட்கார்ந்தார். அதே இன்னிங்ஸில் (இரண்டு அணியும் ஒரு தடவை மட்டையடிக்கும் சுற்று, ஆட்டத்துக்கு ஒன்பது), சில நிமிடத்தில், ஓடி வந்தவர் மோதியதில் அவர் கையும் உடைந்தது. ஒரே இன்னிங்ஸில் இரண்டு கேட்சர் காலி. மாற்று ஆட்களைப் போட்டுச் சமாளித்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. கடைசியில் ஜூன் மாதம், 'டாக், நீயே போய் உட்காரப்பா' என்கிற மாதிரி கோச்சையே வீரர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வயது 33, மேஜர் லீக் ஆட்டம் ஆடி ஐந்து வருடம். 35 ஆட்டம் ஆடி .269 அடித்தார். அவர் சராசரியையே அது தூக்கிவிட்டது! வேண்டும் என்று ஓடியபோது வராதது, வேண்டாம் என்று பிள்ளைகளுக்குப் பந்து பிடித்துக்கொண்டிருந்தபோது வந்தது.

மேனேஜர் வேலை இதற்கப்புறம்தான். மைனர் லீக் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மேஜர் லீக் அணி ஒவ்வொன்றுக்கும் கீழே ஏணிப்படி மாதிரி அணிகள் உண்டு: சிங்கிள் ஏ, டபுள் ஏ, உச்சியில் ட்ரிபிள் ஏ. சின்ன ஊர்கள், சின்ன மைதானங்கள், இரவெல்லாம் பஸ் பயணம். மேனேஜருக்கும் வீரர்களுக்கும் சம்பளம் தருவது மேலே இருக்கும் தாய் அணி. ஆகவே யார் ஆட வேண்டும், எந்தப் பிட்சர் எத்தனை பந்து போடலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் மேலிருந்துதான் வரும். உள்ளூர் ரசிகனுக்கோ ஜெயிக்க வேண்டும். ஆகஸ்டில் அணி முதலிடத்தில் இருக்கும்போது மத்தியானம் ஒரு போன் வரும், உன் மூன்றாம் நம்பர் மட்டையாளரை அனுப்பு என்று. அவ்வளவுதான். அன்று ராத்திரி அவர் இல்லாமல் ஆட வேண்டும். வேலையை நன்றாகச் செய்தால் உங்கள் நல்ல ஆட்கள் உங்களை விட்டுப் போவார்கள், மோசமாகச் செய்தால் கூடவே இருப்பார்கள். போகிறவனை அறைக்குள் கூப்பிட்டு 'நாளைக்கு நீ மேஜர் லீக்' என்று சொல்வதும் மேனேஜர்தான், இருபத்தேழு வயதுப் பையனைக் கூப்பிட்டு 'உன்னை விடுவித்துவிட்டார்கள்' என்று சொல்வதும் அவரேதான். இரண்டாவதைச் சொல்ல .238 அடித்தவன் பொருத்தமான ஆள் என்பது என் எண்ணம். ஆயிரம் ஹிட் அடித்தவன் சொன்னால் அது வேறு மாதிரி கேட்கும்.

எட்வர்ட்ஸ் அந்த வேலையைச் செய்யும் கோலத்தைக் கிட்டத்தில் பார்க்க ஒரு ராத்திரி போதும். 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. ரோட் ஐலண்ட் மாநிலம் பாடக்கெட் ஊரில் மெக்காய் ஸ்டேடியம். பாஸ்டனின் ட்ரிபிள் ஏ அணியான பாடக்கெட்டுக்கும், பால்டிமோரின் ட்ரிபிள் ஏ அணியான ராச்செஸ்டருக்கும் ஆட்டம். ராச்செஸ்டர் மேனேஜர் நம் டாக். விளக்குக் கோளாறால் அரை மணி தாமதமாகத் தொடங்கியது. நல்ல குளிர், காற்று மைதானத்துக்குள் வீசுகிறது. ராச்செஸ்டர் 1-0 முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸில் பாடக்கெட் சமன் செய்தது. அமெரிக்க பேஸ்பாலில் பொதுவாக டிரா கிடையாது. யாராவது ஜெயிக்கும் வரை இன்னிங்ஸ் போய்க்கொண்டே இருக்கும்.

போயிற்று. பதினைந்து, பதினெட்டு, இருபது. இருபத்தொன்றாவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் கேட்சர் டேவ் ஹப்பர்ட் ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓட முடிந்த அடி) அடித்து அணியை 2-1 ஆக்கினார். அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டிருப்பார்கள். அதே இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில், பாடக்கெட் மட்டையடிக்கும் முறையில், வேட் பாக்ஸ் அடித்து மறுபடி சமன் செய்தார். தன் அணிக்காரர்களே தன்னைக் கட்டிப்பிடிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் நின்றார்கள் என்று பாக்ஸ் பிற்பாடு சொன்னார். இருபத்திரண்டாவது இன்னிங்ஸில் பாடக்கெட் மேனேஜர் ஜோ மார்கன் அம்பயரோடு சண்டை போட்டு வெளியேற்றப்பட்டார். ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் பின்பக்கத் தடுப்பில் இருந்த ஓட்டை வழியாக மீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உடைந்த மட்டைகளைப் போட்டு எரித்துக் கை காய்ந்தார்கள், அது தீர்ந்ததும் பெஞ்சுப் பலகை. இருபத்தாறாவதில் ஒருவர் அடித்த பந்து வெளியே போய்விட்டது என்று எல்லோரும் நினைக்க, காற்று அதைத் திருப்பி உள்ளே தள்ளியது.

லீக் விதிப்படி இரவு 12.50க்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது. அந்த வருடம் அம்பயர்கள் கையில் இருந்த விதிப் புத்தகத்தில் அந்த வரி விட்டுப்போயிருந்தது. புத்தகத்தில் இல்லாததை நாங்கள் எப்படிச் செய்வது என்று அம்பயர்கள் நிற்க, லீக் தலைவருக்குப் போன் மேல் போன் போட்டு ஒருவழியாகப் பிடித்தார்கள். ஞாயிறு விடியற்காலை 4.07க்கு, 32 இன்னிங்ஸ் முடிந்து 2-2 என்ற நிலையில் ஆட்டம் நின்றது. வந்திருந்த 1,740 பேரில் 19 பேர் மிச்சம். முன்னதாகவே ஆடி முடித்து அதிகாலையில் வீட்டுக்குப் போன பாடக்கெட் பிட்சர் லூயிஸ் அபோன்டேயை, எங்கே சுற்றிவிட்டு வருகிறாய் என்று மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். காலைப் பேப்பரைப் பார் என்றார் இவர். பேப்பர் அச்சுக்குப் போகும்போது ஆட்டமே முடியவில்லை, அதில் ஒன்றும் இல்லை.

சரி, இதில் டாக் எட்வர்ட்ஸ் எங்கே என்கிறீர்களா? டக்அவுட்டில், அதாவது மைதான ஓரத்தில் அணி உட்காரும் இடத்தில், உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு ஆட்டத்தில் மேனேஜருக்கு ஜெயிப்பது மட்டும் பிரச்சினை இல்லை. கையில் இருக்கும் பிட்சர்கள் பால்டிமோரின் சொத்து. ஒரு ஆட்டத்துக்காக இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனின் தோளைக் கெடுத்தால் மேலே பதில் சொல்ல முடியாது. அன்று ராச்செஸ்டரைத் தாங்கியது ஜிம் அம்பார்கர். ஏற்கெனவே மேஜர் லீக் பார்த்துவிட்டு வந்த ஆள். பத்து இன்னிங்ஸ் ஒரு ரன் கொடுக்காமல் போட்டார். யாரை எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்ற தீர்மானத்தில் பழைய கேட்சரின் கண் தெரிகிறது.

ஹப்பர்ட் விஷயம் இன்னும் ஆச்சரியம். 31 இன்னிங்ஸ் அவர் ஒருவரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு சாதாரண ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். மூன்றரை ஆட்டத்தை ஒரே ராத்திரியில், குளிரில், ஒவ்வொரு பந்துக்கும் உட்கார்ந்து எழுந்து! அவர் முழங்காலை நினைத்தால் எனக்கு இங்கே வலிக்கிறது. கேட்சராக இருந்த மேனேஜருக்கு அந்த வலி என்னவென்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் விட்டுவைத்தார். ட்ரிபிள் ஏ அணியில் கேட்சர்கள் எண்ணி இரண்டு பேர், ஒருவரை எடுத்து இன்னொருவரைப் போட்டு அவருக்கும் அடிபட்டால் என்ன செய்வது? 1970இல் அதைக் கண்ணால் பார்த்தவர் இவர்.

ஜூன் 23ஆம் தேதி மிச்சத்தை ஆடினார்கள். அதற்குள் மேஜர் லீக் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டதால் எழுத வேறு ஆட்டமே இல்லாத பத்திரிகையாளர்கள் எல்லோரும் பாடக்கெட்டுக்கு வந்துவிட்டார்கள். பதினெட்டே நிமிடம். ராச்செஸ்டர் பிட்சர் ஸ்டீவ் கிரில்லி பேஸ் மூன்றிலும் எதிரணி ஆட்கள் வந்து நிற்கும்படி விட்டுவிட்டார், இத்தனைக்கும் ஏப்ரலில் அவர் அந்த அணியிலேயே இல்லை. டாக் அவரை எடுத்து கிளிஃப் ஸ்பெக்கைக் கொண்டுவந்தார், டேவ் கோசா ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை ஓட முடிந்த அடி) அடித்தார், பாடக்கெட் 3-2. தொழில்முறை பேஸ்பாலின் மிக நீளமான ஆட்டம் இன்றுவரை அதுதான். ஜெயிக்கும் ரன்னை அடித்த கோசா மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம் கூட ஆடியதில்லை.

அன்று ராச்செஸ்டருக்கு மூன்றாவது பேஸில் நின்ற பையன் கால் ரிப்கென், பிற்பாடு தொடர்ந்து 2,632 ஆட்டம் ஆடிய அதே ரிப்கென். அவர் அப்பா, பெரிய ரிப்கென், மேஜர் லீக் வரை போகாத ஒரு மைனர் லீக் கேட்சர். அப்புறம் பால்டிமோரின் சிற்றூர் அணிகளுக்குப் பத்துப் பதினைந்து வருடம் மேனேஜர். அப்பா நடத்திய அணிகளின் மைதானங்களில் வளர்ந்த பையன் அவர். 1987இல்தான் பெரிய ரிப்கெனுக்கு மேஜர் லீக் அணி கிடைத்தது.

அதே 1987இல்தான் டாக் எட்வர்ட்ஸுக்கும். கிளீவ்லாண்டு இந்த வருடம் முதலிடம் என்று ஒரு பெரிய விளையாட்டு இதழ் அட்டையிலேயே போட, அணி 31 வெற்றி, 56 தோல்வி என்று தொங்கியது. மேனேஜர் பாட் கொராலஸ் வெளியே, அவர் இடத்தில் டாக். (கொராலஸ் யார் தெரியுமா? சின்சினாட்டியில் ஜானி பெஞ்சுக்கு மாற்றாக உட்கார்ந்திருந்த கேட்சர்.) அந்த வருடம் மொத்தம் 101 தோல்வி. அடுத்த ஏப்ரலில் பால்டிமோர் கிளீவ்லாண்டுக்கு வந்து நான்கு ஆட்டமும் தோற்றது. அதற்கு முன்பே இரண்டு தோற்றிருந்ததால் 0-6. மறுநாள் பெரிய ரிப்கெனை வேலையை விட்டுத் தூக்கினார்கள். ஆயுசுக்கும் சின்ன ஊர் பஸ்ஸில் போன இரண்டு கேட்சர்கள் எதிரெதிர் டக்அவுட்டில் உட்கார்ந்த அந்த நான்கு நாள் என்னவோ எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது. எட்வர்ட்ஸும் அதிக நாள் தாங்கவில்லை. 1988இல் 78-84, 1989 செப்டம்பரில் 65-78 என்றிருக்கும்போது வெளியே. மொத்தக் கணக்கு 173 வெற்றி, 207 தோல்வி. மீதி ஆட்டங்களுக்கு வந்தவர் ஜான் ஹார்ட். அவரும் மைனர் லீக் கேட்சர்தான், எட்வர்ட்ஸ் இருந்த அதே ராச்செஸ்டரில் மேனேஜராக இருந்துவிட்டு வந்தவர். மூன்று மேனேஜர், மூன்று பேரும் கேட்சர். உங்கள் கேள்விக்கு இதுவே பாதி பதில். மேஜர் லீக்கில் ஜெயித்தவர்களைப் பார்த்தாலும் இதே கதைதான். 2014இல் மேஜர் லீக்கின் பட்டப் போட்டியான உலகத் தொடரில் மோதிய மேனேஜர்கள் புரூஸ் போச்சி, நெட் யோஸ்ட் இருவரும் இரண்டாம் நிலை கேட்சர்கள். போச்சி 1989இல் ஸ்போகேன் ஊரில் கீழ்நிலை அணியில்தான் மேனேஜராகத் தொடங்கினார்.

மேஜர் லீக்கில் வேலை போனால் பலர் டிவிக்கு வர்ணனை செய்யப் போவார்கள். எட்வர்ட்ஸ் மறுபடி பஸ் ஏறினார். நியூயார்க் மெட்ஸில் கொஞ்ச நாள் கோச், பஃபலோவில் ட்ரிபிள் ஏ, அப்புறம் தாய் அணியே இல்லாத தனி லீக்குகள். அங்கே கதை வேறு. மேலிருந்து வீரரை அனுப்ப யாரும் இல்லை, மேனேஜரே போனை எடுத்து, யாரை எங்கே விடுவித்தார்கள் என்று விசாரித்து ஆள் சேர்க்க வேண்டும். முப்பது வருடமாகத் தெரிந்த பிட்சர், அவருக்குத் தெரிந்த பிட்சர் என்று நீளும் அந்தப் பழக்கம்தான் முதல். இதற்கும் புல்பென்னில் உட்கார்ந்து புலம்பல் கேட்ட ஆள்தான் தோதுப்படுவார். அட்லாண்டிக் சிட்டி, சூ ஃபால்ஸ், கடைசியாக மேற்கு டெக்சாஸில் சான் ஏஞ்சலோ. 2006இல் சான் ஏஞ்சலோ அணியை எடுத்தபோது அவருக்கு அறுபத்தொன்பது வயது. எழுபதைத் தாண்டியும் அங்கேயே மேனேஜராக இருந்தார். 2018 ஆகஸ்டில் அந்த ஊரிலேயே இறந்தார், வயது 81.

ஹப்பர்ட் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 31 இன்னிங்ஸ் உட்கார்ந்தவருக்கு மேஜர் லீக்கில் கிடைத்தது 17 ஆட்டம், 21 தடவை அடிக்கப் போய் ஒரே ஒரு ஹிட். அதற்கப்புறம் அவரும் மைனர் லீக் மேனேஜர்தான், பல வருடம். 2006இல் நியூ ஜெர்சியில் லேக்வுட் அணிக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2008இல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் ஃபிலடெல்பியாவின் ட்ரிபிள் ஏ அணி புதிதாகத் தொடங்கியபோது அதற்கு முதல் மேனேஜர் அவர். முதல் வருடக் கணக்கு 55 வெற்றி, 89 தோல்வி. அந்த அக்டோபரில் மேலே ஃபிலடெல்பியா உலகத் தொடரை ஜெயித்தது. அடுத்த ஏப்ரலில் அவர் மறுபடி ஆலன்டவுன் டக்அவுட்டில் உட்கார்ந்திருந்தார்.